நல்ல நோக்கத்தில் செய்த பாவம்: தல்மூத் படித்தவர்கள் உதவுங்கள்

யூத அறவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

பாபிலோனியத் தல்மூதில் (யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பு) நாசீர் என்ற பகுதி, பக்கம் 23பி: நல்ல நோக்கத்தோடு செய்த பாவம், தூய நோக்கமில்லாமல் செய்த கட்டளையைவிடப் பெரியது என்கிறார் தல்மூத் அறிஞர் ரவ் நஹ்மான் பர் இட்ஸ்ஹாக். (கட்டளை என்பது இங்கே இறைவன் விதித்த கடமை.) உடனே தல்மூதே மறுப்பு எழுப்பி, 'பெரியது' என்பதை 'சமம்' என்று திருத்துகிறது. சான்று, இஸ்ரவேலரின் எதிரிப் படைத்தலைவன் சிசெராவைக் கொன்ற யாகேல் என்ற பெண் (பைபிள், நியாயாதிபதிகள் 4). அவனை வீழ்த்துவதற்காக அவனோடு உறவுகொண்டாள் என்பது தல்மூதின் விளக்கம். அப்படிப்பட்டவளைத்தான் யூதர்களின் குலத்தாய்களான சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளுக்கு இணையாக வைத்துப் புகழ்கிறார்கள். இந்த இடம் என்னை உலுக்கிவிட்டது.

அதே தல்மூதின் இன்னொரு பகுதியான சுக்கா 30ஏ சொல்வது வேறு. திருடிய பேரீச்சங்குருத்தால் கூடாரப் பண்டிகைக் கடமை நிறைவேறாது. பாவத்தின் வழியே வந்த கட்டளை செல்லாது.

இரண்டு பக்கங்களையும் மொழிபெயர்ப்பில் பலமுறை படித்துவிட்டேன். அப்புறம் வொலோஷின் ரபி ஹயீமின் (1749–1821) 'நெஃபெஷ் ஹஹயீம்' நூலுக்குப் போனேன். தோரா (மோசேக்கு அருளப்பட்ட திருச்சட்டம்) வந்த பின் நோக்கத்தைக் காட்டிக் கட்டளையை மாற்ற முடியாது என்கிறார். சரி, ஆனால் யாகேல் தோராவுக்குப் பிந்தியவள் ஆயிற்றே! எனக்கு எபிரேயம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுதான் தெரியும்.

யாகேலை முன்மாதிரியாகக் காட்டி, நடைமுறையில் ஒரு விதிமீறலை அனுமதித்த ஹலாகா (யூத மதச் சட்டம்) தீர்ப்பு ஏதாவது உண்டா?