பாட்டி முகத்தில் இல்லாத பாதியை வரையலாமா?

கயல்

அம்மாவின் அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். போஸ்ட்கார்டு அளவு, கறுப்பு வெள்ளை, ஸ்டூடியோவில் உட்கார்ந்து எடுத்தது. ஃபிரேமுக்குள் ஈரம் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பல வருடம் முன்பு யாரோ அதைப் பிரித்து எடுத்தபோது இடது கண், மூக்கின் ஓரம், கன்னத்தில் பாதி எல்லாம் உரிந்து போயின. அந்த இடத்தில் வெறும் தாள்தான் தெரிகிறது. மீதியில் மடிப்பு, பூஞ்சைப் புள்ளி, பழுப்புக் கறை என்று எல்லாம் உண்டு.

போனில் படம் பிடித்து ஒரு ஏஐ செயலியில் போட்டேன். அரை நிமிடத்தில் முழு முகம் வந்துவிட்டது. தங்கைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு, ஆனா எங்கம்மா மாதிரி இல்லையே" என்றார்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. நல்ல கைத்திறன் உள்ள ஒருவரிடம் கொடுத்து முகத்தை முழுசாக வரவழைக்க வேண்டும் என்பது ஒன்று. கறையையும் மடிப்பையும் மட்டும் எடுத்துவிட்டு, போனது போனதாக இருக்கட்டும் என்பது இன்னொன்று. அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. தள்ளிப்போட மனமில்லை. என்ன சொல்கிறீர்கள்?

தூரிகை

வரையச் சொல்லுங்கள். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

இது ஆவணக் காப்பகத்துப் படம் இல்லை. ஒரு மகள் தன் அம்மாவின் முகத்தைப் பார்க்க விரும்புகிறாள், அவ்வளவுதான். முகத்தில் பாதி வெள்ளையாக இருக்கிற படத்தைச் சுவரில் மாட்டினால், பார்க்கிறவர் கண் நேராக அந்தக் குழிக்குத்தான் போகும். பாட்டி இரண்டாம்பட்சம் ஆகிவிடுவார்.

அப்புறம், "அசலைத் தொடாதே" என்று சொல்பவர்களுக்கு ஒன்று. அந்தக் கால ஸ்டூடியோ படம் எதுவும் தொடாத படம் இல்லை. நெகட்டிவ் மேல் கூரான பென்சிலால் கோடு கோடாக இழைத்து, முகச் சுருக்கத்தையும் கண்ணுக்குக் கீழ் கருமையையும் மறைப்பது ஸ்டூடியோக்களின் அன்றாட வேலை. பாட்டியின் படத்திலேயே அப்படி ஒரு கை ஏற்கெனவே பட்டிருக்கலாம். அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை.

வெள்ளிஉப்பு

தூரிகை, பென்சில் வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தார். பதிவான முகத்தின் மேல்தான் அவர்கள் இழைத்தார்கள். இங்கே முகமே பதிவில் இல்லை.

அந்தச் செயலிகள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. 2020-ல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் பல்ஸ் என்று ஒரு மென்பொருள் செய்தார்கள். 16-க்கு 16 புள்ளியாகச் சுருங்கிய முகத்தை 1024-க்கு 1024 ஆகப் பெரிதாக்கித் தரும். யாரோ ஒருவர் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்துப் பார்த்தார். பளிச்சென்று வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். மென்பொருள் கெட்டுப்போகவில்லை, அதன் வேலையையே அது செய்தது: சுருக்கினால் அதே மங்கல் படமாகத் தெரியக்கூடிய ஏதோ ஒரு முகத்தைத் தேடிக் கொடுத்தது. 2021-ல் வந்த ஜிஎஃப்பிகேன் போன்ற முகம் சீராக்கும் மென்பொருள்களும் இணையத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களைப் பார்த்துப் பழகியவை. இல்லாத இடத்தை அந்த முகங்களின் வாடையில்தான் நிரப்பும்.

கயல், ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சேதமே ஆகாத வலது பாதியை மட்டும் அசலோடும் செயலி கொடுத்ததோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதையும் மாற்றியிருக்கும்.

கயல்

பார்த்தேன். மேல் உதட்டுக்கு மேலே ஒரு மச்சம் இருந்தது, காணோம். பூஞ்சைப் புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிட்டது போல. வலது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் லேசாக உண்டு. அதை நிமிர்த்திவிட்டது. அசலில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுகிறது, செயலி கொடுத்ததில் இரண்டு கண்ணிலும் ஒரே அளவு மினுக்கு. அம்மாவுக்கு ஏன் ஒட்டவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

தூரிகை

சரி, இது மலிவான செயலியின் குறை. அதை வைத்து வேலையையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2022-ல் வந்த கோட்ஃபார்மர் என்ற முகம் சீராக்கும் மென்பொருளில் ஓர் அளவுகோல் இருக்கிறது, 0-லிருந்து 1 வரை. 0 பக்கம் தள்ளினால் அழகு கூடும், 1 பக்கம் தள்ளினால் கொடுத்த படத்துக்கு விசுவாசமாக இருக்கும். உயரே வைத்துச் செய்தால் இமையெல்லாம் அப்படியே நிற்கும்.

ஆனால் நான் சொன்னது அதுவும் இல்லை. நல்ல ஆள் கையால் செய்வதைச் சொன்னேன். மச்சம் எது, பூஞ்சை எது என்று கேட்டுவிட்டுத்தான் அவர் கைவைப்பார்.

வெள்ளிஉப்பு

கொடுத்த படத்துக்கு விசுவாசம் சரி. கண் இருந்த இடத்தில் கொடுத்தது வெறும் தாள். எதற்கு விசுவாசமாக இருக்கும்?

இருட்டறை

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கயல், அந்தக் கண்ணாடி எங்கே?

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிந்தது என்றால், உரிந்த பகுதி மறைந்து போகவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் இருப்பது தாளில் இல்லை, தாளின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில். வெள்ளித் துகள்கள் அதற்குள்தான் கிடக்கின்றன. ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊறிப் பசையாகிவிடும், காய்ந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிரித்தபோது அந்தப் படலம் கண்ணாடி பக்கம் போயிருக்கிறது. உங்கள் பாட்டியின் கன்னம் இன்னமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கண்ணாடி கிடைத்தால் துடைக்கவே துடைக்காதீர்கள். தண்ணீரும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.

கயல்

ஃபிரேமோடு பரணில் இருக்கிறது, அம்மா தூக்கிப் போட விடவில்லை. எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெளுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. வெளியிலிருந்து கண்ணாடி வழியே பார்த்தால் கன்னம் மாதிரி ஏதோ தெரிகிறது! கை நடுங்குகிறது. இனி என்ன செய்ய வேண்டும்?

இருட்டறை

நீங்கள் வெளியிலிருந்து பார்ப்பதுதான் சரியான பக்கம். பின்னாலிருந்து பார்த்தால் இடவலம் மாறியிருக்கும்.

கண்ணாடியை வெள்ளைத் தாள் மேல் வையுங்கள், ஒட்டியிருக்கும் பக்கம் கீழே. ஓரங்களில் மெல்லிய அட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள், படலம் தாளில் உரசக்கூடாது. வெள்ளை பின்னால் இருப்பது முக்கியம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெளிறித் தெரியும். தாளில் இருந்தபோது ஒளி படலத்துக்குள் போய், தாளில் பட்டு, திரும்பவும் படலம் வழியே வெளியே வந்தது; அந்த இரண்டு முறையில்தான் கறுப்பு கறுப்பாகத் தெரிந்தது. கேமராவை நேர் மேலே நிறுத்தி, விளக்கு இரண்டை இருபக்கமும் 45 டிகிரியில் வையுங்கள். பளபளப்பு அடித்தால் விளக்குகளுக்கும் லென்ஸுக்கும் போலரைசர் (பளபளப்பை வடிகட்டும் ஃபில்டர்) போட்டு, லென்ஸில் உள்ளதைத் திருப்பினால் அடங்கிவிடும். படத்தின் இருட்டான பகுதிகளில் நீலமாக மினுங்கும் பூச்சு இருந்தால், அதுவும் இதில் பெரும்பாலும் போகும். வெள்ளி மேலே ஏறி வந்து படிவதால் வரும் மினுக்கம் அது.

படத்தைத் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். 1200 டிபிஐ, 16 பிட், டிஃப் கோப்பு. கறுப்பு வெள்ளைதானே என்று கிரே ஸ்கேலில் எடுத்துவிடாதீர்கள், கலரிலேயே எடுங்கள். கலர் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் தனித்தனியாக இருக்கும். பழுப்புக் கறை நீலச் சேனலில் அப்பட்டமாகத் தெரியும், சிவப்புச் சேனலில் பாதிக்கு மேல் மறைந்துவிடும். சிவப்பை மட்டும் எடுத்து வேலையைத் தொடங்கினால், கறை நீக்குவதில் முக்கால்வாசி முடிந்த மாதிரி. மடிப்பு தடிப்பாக விழுந்தால், படத்தை 180 டிகிரி திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுத்து இரண்டையும் மேலே மேலே வைத்துச் சராசரி எடுங்கள். நிழல் ஒன்றையொன்று அடித்துவிடும்.

நிறம்_வேண்டும்

இவ்வளவு செய்பவர்கள் அப்படியே கலரும் போட்டுவிடலாமே? புடவை நிறம் தெரிந்தால் இன்னும் உயிர் வரும்.

வெள்ளிஉப்பு

புடவை நிறத்தை அந்தப் படம் சொல்லாது. பழைய ஃபிலிம் பலவற்றுக்குச் சிவப்பே தெரியாது. சிவப்புப் புடவை கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். அம்மாவுக்கு நிறம் நினைவிருந்தால் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். அது மதிப்புள்ள தகவல்.

கயல்

வேலை ஓரளவு முடிந்தது. கண்ணாடிப் படத்தையும் ஸ்கேனையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக லேயராக வைத்து, உரிந்த விளிம்பின் வளைவை ஒன்றோடொன்று பொருத்தினேன். கன்னம் முழுதாக வந்துவிட்டது. இடது கண்ணின் வெளி ஓரம், இமை மடிப்பு, புருவத்தின் வால் வரை கிடைத்தது. கிடைக்காதது கண்ணின் உள் பாதியும் மூக்கின் ஒரு கீற்றும். அந்த இடத்துப் படலம் பொடிந்து போயிருக்கிறது.

அம்மா பார்த்ததும், "இந்தக் கன்னம்தான், இதுதான்" என்றார்.

தூரிகை

கயல், இதைப் படித்துவிட்டு எனக்கே தொண்டை அடைத்துக்கொண்டது. இருட்டறைக்கு நன்றி.

இப்போது மிச்சம் ஒரு சின்ன இடம். அதை வெறுமையாக விடுவதில் எந்த நியாயமும் இல்லை. வலது கண்ணைப் புரட்டி வைத்து, கிடைத்த இமையோடு இழைத்தால் போதும். அவருடைய கண்தானே, யாரோ ஒருவருடைய கண் இல்லையே.

வெள்ளிஉப்பு

அதைத்தான் செய்யக்கூடாது. கயல், இடது இமை எந்த உயரத்தில் இருக்கிறது? வலது மாதிரித் தாழ்ந்தா?

கயல்

இல்லை. இடது நேராகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கும் தாழ்ந்திருப்பது வலது மட்டும்தான்.

வெள்ளிஉப்பு

புரட்டி வைத்திருந்தால் இரண்டு இமையும் தாழ்ந்த ஒரு பெண்மணி வந்திருப்பார். சொந்தக் கண்ணை எடுத்து வைத்தே வேறு ஆளாக்கியிருப்போம். கண்ணாடி பரணில் இல்லாமல் போயிருந்தால் அது யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

2021-ல் கம்போடியாவில் நடந்தது நினைவுக்கு வருகிறது. 1970-களில் அங்கே ஆண்ட க்மெர் ரூஜ் ஆட்சியின் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு ஒருவர் நிறம் ஏற்றினார். சிலர் முகத்தில் புன்னகையையும் சேர்த்துவிட்டார். குடும்பத்தாரும் அரசும் கொதித்த பிறகு வெளியிட்ட தளம் அதை எடுத்தது. அது வேறு கனமுள்ள விஷயம், இதோடு சமமாக வைக்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்க்கிறவன் "இப்படித்தான் இருந்தார்" என்றுதான் நம்புவான். கறையைத் துடைப்பதையும் கண்ணை வைப்பதையும் ஒரே வேலையாக நினைக்க முடியாது.

சேதமான ஓவியங்களுக்கு ரோமில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், கலைப்பொருள் மீட்பு நிபுணர் சேசரே பிராண்டி தலைமையில். உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் கண் அதைத் தாண்டிப் போய்விடும், கிட்டே போனால் இது நிரப்பியது என்று தெரியும். கயலும் அப்படிச் செய்யலாம். சுற்றியுள்ள தோலின் சாம்பல் தொனியில் அந்த இடத்தை மங்கலாக நிரப்புங்கள், கருவிழி வேண்டாம். தூரிகை சொன்ன குழி போய்விடும், பொய்யும் வராது.

தூரிகை

புரட்டுவது தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். இமையைப் பார்த்த பிறகு அதில் பேச்சே இல்லை.

ஆனால் வெள்ளிஉப்பு, நீங்கள் ஒரு சாட்சியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்து வளர்ந்த மகள் பக்கத்திலேயே இருக்கிறார். வரைபவர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் உள்ளே", "பார்வை இப்படி இல்லை" என்று அவர் சொல்லச் சொல்லச் செய்யட்டும். 70,000 பேர் முகத்தில் பழகிய மென்பொருளை விட அவர் சொல்வது எனக்குப் பெரிது. கருவிழி இல்லாத சாம்பல் திட்டைக் கொடுத்து "இதுதான் நேர்மை" என்று எண்பது வயதுப் பெண்ணிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

வெள்ளிஉப்பு

அவர் நினைவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செயலி கொடுத்த முகத்தை அவர் வெகுநேரம் பார்த்துவிட்டார். நினைவுக்குள் அது நுழைந்திருக்காது என்று எப்படிச் சொல்வது?

தூரிகை

அவ்வளவு பார்த்த பிறகும் "எங்கம்மா மாதிரி இல்லையே" என்று தள்ளியவர் அவர்தானே. தங்கைக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் நம்புகிறேன்.

வெள்ளிஉப்பு

சரி, நியாயம். அம்மா கையில் கொடுக்கும் பிரதிக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. என் பயம் அதற்கு அப்புறம். அது வாட்ஸ்அப்பில் போகும், வம்சாவளி மரத்தில் ஏறும். கோப்புக்குள் எழுதிய குறிப்பெல்லாம் அப்படி அனுப்பும்போது உதிர்ந்துவிடும். பேரப்பிள்ளைகள் காலத்தில் வரைந்த கண்தான் பாட்டியின் கண் ஆகிவிடும். ஆகவே வரைந்த படத்தின் கீழே வெள்ளை ஓரம் விட்டு, "இடது கண்ணின் உள் பாதியும் மூக்கோரமும் மகளின் நினைவிலிருந்து வரைந்தவை" என்று படத்தோடு சேர்த்தே அச்சடியுங்கள். வெட்டாமல் அந்த வரி போகாது.

தூரிகை

சுவரில் மாட்டும் படத்திலுமா? அவசியமில்லை என்றுதான் நினைக்கிறேன். பின்பக்கம் எழுதினால் போதும்.

வெள்ளிஉப்பு

சுவரில் மாட்டியதைத்தான் நாளைக்கு யாராவது போனில் படம் பிடிப்பார்கள். முன்பக்கம்தான்.

கயல்

அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். கண்ணை வரைய வேண்டும் என்றார், தானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதாகவும் சொன்னார். கீழே எழுதுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தன் பெயரையும் போடச் சொன்னார். ஆகவே முன்பக்கமே எழுதப் போகிறேன், தூரிகை மன்னிக்க வேண்டும். சாம்பல் தொனியில் நிரப்பியதைத் தனிக் கோப்பாக வைத்து, சித்தி, மாமா வீடுகளுக்கு அதைத்தான் அனுப்புவேன். கண்ணாடியை என்ன செய்வது?

இருட்டறை

ஃபிரேமுக்குள் திரும்பப் போடாதீர்கள். படலம் ஒட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி, உயரமான ஓரமுள்ள அட்டைப் பெட்டியில் கிடைமட்டமாக வையுங்கள். மேலே எதுவும் படக்கூடாது. அசல் படத்தை அமிலமில்லாத தாள் உறையில் தனியாக வையுங்கள். இரண்டும் ஈரம் ஏறாத, வெயில் படாத அறையில் இருக்கட்டும். பரண் வெயிலில் கொதிக்கும், அங்கே வேண்டாம். படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள், பேனா கூடாது. லேயர் பிரித்த மூலக் கோப்பை ஒரே தட்டையாக்கிச் சேமிக்காமல் அப்படியே இரண்டு இடத்தில் வையுங்கள். அந்தக் கீற்றில் இன்னும் கொஞ்சம் மீட்க நாளைக்கு வேறு வழி வந்தால், அங்கிருந்து தொடங்கலாம்.