காயம் பட்டதும் நகரவும், மூடியதும் நிற்கவும் செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

மழைத்துளி கேட்டது:

மூன்று வாரத்துக்கு முன்னால், விரிசல் விட்ட கண்ணாடித் தம்ளரைக் கழுவும்போது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே நீளமாகக் கீறிவிட்டது. தையல் போடும் அளவுக்கு ஆழம் இல்லை. முதல் இரண்டு நாள் ஓரமெல்லாம் சிவந்து வீங்கி விண்விண்ணென்று தெறித்தது. அப்புறம் வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் வாக்கில் பொருக்கு உதிர்ந்தது, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். இப்போது அரிக்கிறது.

தினமும் பார்த்ததில் ஒரு கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று ஒரு தோல் செல்லுக்கு எப்படித் தெரியும்? மூடியாயிற்று, போதும் என்று யார் சொல்வது? தேடினால் மூலக்கூறுகளின் பெயர்ப் பட்டியல்தான் வருகிறது. நடக்கிற வரிசையில் யாராவது சொல்லுங்களேன்.

நுண்ணோக்கி பதில்:

தோல் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்ப்பது என் தினசரி வேலை. அதனால் என் கண்ணில் பட்டதிலிருந்தே தொடங்குகிறேன். தட்டின் அடியில் செல்கள் ஒரே அடுக்காக, கல் பாவிய தரைபோல இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயின் முனையால் நடுவே ஒரு கோடு இழுப்பேன். சில மணி நேரத்தில் ஓரத்துச் செல்கள் காலி இடத்தின் பக்கம் மட்டும் மெல்லிய விசிறிபோல விளிம்பை நீட்டும். பின்வரிசையும் கையை விடாமல் கூடவே நகரும். எத்தனையோ முறை பார்த்தும் இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

உங்கள் கையில் இதைவிடப் பெரிய கதை நடந்தது. கிழிந்த செல்லிலிருந்து ஏடிபி என்ற ஆற்றல் தரும் மூலக்கூறு வெளியே கொட்டும். அதை உணர்ந்த பக்கத்துச் செல்களுக்குள் கால்சியம் ஏறி, அலைபோல அடுத்தடுத்த செல்களுக்குப் பரவும். இதெல்லாம் நொடிகளில். வரிக்குதிரை மீன் குஞ்சின் வாலைக் கீறிப் பார்த்த 2009 ஆய்வில், காயத்தின் ஓரத்துச் செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதும், வெள்ளணுக்கள் அதைத் தேடி வருவதும் தெரிந்தது.

இரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் (இரத்தத் தட்டணுக்கள்) பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளை, அதாவது மற்ற செல்களுக்கு வளர், நகர் என்று செய்தி சொல்லும் புரதங்களை, கொட்டும். முதலில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து கிருமியோடு மல்லுக்கட்டும். உங்களுக்குத் தெறித்தது அப்போதுதான். இரண்டு மூன்று நாளில் மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் பெருகும். செத்த நியூட்ரோபில்களை விழுங்கியதும் அவற்றின் பேச்சே மாறிவிடும்: அதுவரை 'தாக்கு' என்றவை இனி 'கட்டியெழுப்பு' என்று சொல்லும். என்னைக் கேட்டால், காயம் ஆறுமா ஆறாதா என்பது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. அதன்பின் ஃபைப்ரோபிளாஸ்டுகள் என்ற இணைப்புத் திசு செல்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நெய்யும். பிராணவாயு போதாத செல்கள் வெஜ்எஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியைச் சுரந்து புது இரத்தக் குழாய்களை வரவழைக்கும்.

செய்தி செல்லுக்குள் எப்படிப் போகிறது என்பதற்கு இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி நல்ல உதாரணம். பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஒரு சுரப்பிச் சாற்றை ஊசியில் போட்டபோது கண் இமைகள் சீக்கிரமே திறந்ததைக் கவனித்து, ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி அந்தச் சாற்றிலிருந்து இஜிஎஃபைப் பிரித்தெடுத்தார். 1986இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. செய்தி சொல்ல இஜிஎஃப் செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியில், அதாவது செய்தியைப் பிடிக்கும் புரதத்தில், வந்து அமரும். இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்ததும் அவற்றின் உள்முனையில் பாஸ்பேட் ஒட்டும். அங்கிருந்து ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்ப, செய்தி உட்கரு வரை போகும்.

நிற்பது? எதிர்ப்பக்கத்து விளிம்பைத் தொட்டதும் செல் விசிறியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துச் செல்லோடு இணைந்துவிடும். நெருக்கம் கூடும்போது, பெருகச் சொல்லும் யாப் என்ற புரதம் உட்கருவைவிட்டு வெளியேறும். தட்டில் கோடு மறையும் இடத்தைப் பார்த்தால் எங்கே கீறினேன் என்று எனக்கே தெரியாது.

கட்டுமாற்றுபவள் பதில்:

ஆறாத காயங்களுக்குக் கட்டு மாற்றும் செவிலி நான். நுண்ணோக்கி சொன்ன திருப்பம் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணில் அழற்சி, அதாவது அந்தச் சிவப்பும் வீக்கமும், ஓயாது. புரதத்தை அரிக்கும் நொதிகள் அங்கே மிகுந்து, வளர்ச்சிக் காரணிகளையே தின்றுவிடும். மாதக்கணக்கில் விளிம்பு அசையாது. பிடிஜிஎஃப் கலந்த ஜெல்லுக்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. ஆனால் செத்த திசுவை அகற்றி, பாதத்தின் மேல் விழும் பாரத்தைக் குறைக்காமல் ஜெல்லை மட்டும் தடவிப் பயனில்லை.

தயவுசெய்து கேளுங்கள்: உடம்பு துளியாகச் சுரக்கும் பெராக்சைடு வேறு, பாட்டிலிலிருந்து ஊற்றுவது வேறு. நுரைக்கிறதே என்று தினமும் ஊற்றினால் புதுச் செல்களும் சாகும். பாதப் புண்ணின் பரப்பு நான்கு வாரத்தில் பாதியாகவில்லை என்றால் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.

மழைத்துளி:

நன்றி அக்கா, நன்றி நுண்ணோக்கி. அப்படியென்றால் காயத்தைக் காயவிட்டது தப்பா?

நுண்ணோக்கி:

உங்கள் கீறலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஈரம் காக்கும்படி மூடியிருந்தால் இன்னும் சீக்கிரம் மூடியிருக்கும். ஜார்ஜ் விண்டர் 1962இல் பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் இதைக் காட்டினார்: மெல்லிய படலத்தால் மூடியவற்றில் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. பொருக்குத் தட்டினால் செல்கள் அதற்கு அடியில் ஈரமான இடம் தேடிக் குடைந்து போக வேண்டியிருக்கிறது.

அப்புறம், மூடியதோடு வேலை முடியவில்லை. உள்ளே கொலாஜனை மாற்றி அடுக்கும் வேலை பல மாதம் நடக்கும். அரிக்கும்போது நகம் வைக்காமல் மேலே விரலால் அழுத்திக்கொள்ளுங்கள்.