ஆள் மெலிவு, வயிறு மட்டும் பெரிசு: வீட்டில் எப்படி அளப்பது?

ஹட்டன் மகன்:
அப்பாவுக்கு 61 வயது, தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரம் 162 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்குப் போட்டால் 22தான் வருகிறது, அதாவது சரியான எடை. கை கால் எல்லாம் மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளி நிற்கிறது. "காற்சட்டை 34 அங்குலம்தானே, 86 சென்டிமீட்டர், எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். பெரியப்பாவுக்கும் இதே உடம்புதான், சீனி வருத்தம் முற்றிக் கால் விரலை எடுக்க வேண்டி வந்தது, அதனால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்கேன் இல்லாமல் உள்ளே எவ்வளவு கொழுப்பு என்று ஓரளவுக்காவது தெரிந்துகொள்ள முடியுமா?

பண்டாரவளை அக்கா:
தம்பி, காற்சட்டை அளவை நம்பவே வேண்டாம். வயிறு வைத்தவர்கள் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே கட்டுவார்கள், அங்கே அளந்தால் வயிறு அளவுக்குள்ளேயே வராது. ஸ்வெட்டர், பெனியன் எல்லாம் கழற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தடவிப் பிடியுங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பு, இரண்டுக்கும் நடுவில்தான் டேப் போக வேண்டும். தொப்புளை அடையாளமாக வைக்காதீர்கள், வயிறு சரிந்தால் அதுவும் கூடவே இறங்கிவிடும். சாதாரணமாக மூச்சு விட்டு முடிகிற நேரத்தில் பாருங்கள், அளக்கிறோம் என்று தெரிந்ததும் எல்லோரும் வயிற்றை எக்குவார்கள். இரண்டு தரம் அளந்து பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. ஐரோப்பிய ஆண்களுக்கு 94 வரை விடுகிறார்கள், ஆனால் அதே பிஎம்ஐ உள்ள வெள்ளைக்காரரைவிட நம் ஆட்களுக்குக் கொழுப்புக் கூட, அதுவும் வயிற்றில்.

தலவாக்கலையிலிருந்து:
அக்கா சொன்னது சரி, அதோடு உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும், இங்கிலாந்தில் 2022 முதல் மருத்துவ வழிகாட்டலிலேயே இது இருக்கிறது. என் அம்மா கொழுந்து எடுக்கிறவர், உயரம் 147. முதலில், வேலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்கின் கயிறு வரும் இடத்தில் அளந்துவிட்டோம், அது தப்பு. சரியான இடத்தில் 78 வந்தது. 80க்குக் கீழேதானே என்று விட்டிருப்போம், ஆனால் உயரத்தில் பாதி 73.5தான். நம் லயத்துப் பெண்களில் நிறையப் பேர் கட்டையானவர்கள், அவர்களுக்கு இந்தக் கணக்குத்தான் உண்மையைச் சொல்லும்.

ராகலை:
ஒன்றை மறக்க வேண்டாம், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பையும் குடலைச் சுற்றி உள்ளதையும் டேப் பிரித்துச் சொல்லாது. அதிகம் கெடுதல் செய்வது உள்ளே இருப்பதுதான், அங்கிருந்து வரும் இரத்தம் நேரே ஈரலுக்குப் போகிறது. அதற்கு இன்னொரு அளவு இருக்கிறது. முழங்காலை மடக்கி மல்லாக்கப் படுக்கச் சொல்லி, மூச்சு விட்டதும் தரையிலிருந்து வயிற்றின் மேல்பக்கம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள், இடுப்பெலும்பு விளிம்புக்கு நேரே. ஒரு பலகையை வயிற்றின் மேல் அழுத்தாமல் மட்டமாகப் பிடித்தால் போதும். படுத்தால் வெளிக்கொழுப்பு பக்கத்துக்குச் சரியும், உள்கொழுப்பு வயிற்றைத் தூக்கியே வைத்திருக்கும். இன்னொன்று, வயிறு சில வாரத்திலேயே பெருத்து, காலும் வீங்கினால் அது நீராக இருக்கலாம். அப்போது அளந்துகொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், குடிப்பழக்கம் இருந்தால் கட்டாயம்.

ஹட்டன் மகன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அளந்தேன், இரண்டு தரமும் 93. பாதி 81தான் வரவேண்டும், 12 கூட. கால் வீக்கம் இல்லை. அப்பா டேப்பைத் தானே வாங்கிப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் பேசவில்லை. வியாழக்கிழமை வெறும் வயிற்றில் சீனி பார்க்க ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டார்.

பண்டாரவளை அக்கா:
பிரஷரும் கொலஸ்ட்ராலும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. அன்று காலையில் சீனி போட்ட சாயத் தேநீர் கொடுத்துவிடாதீர்கள், தண்ணீர் மட்டும்.