‘சாரம்’ போதுமா, ‘படர்கூடு’ வேண்டுமா? எலும்பு வளர்க்கும் உள்வைப்புக்குக் கலைச்சொல்

குழும நண்பர்களுக்கு, பெங்களூரிலிருந்து வணக்கம். எலும்பு இழந்த இடத்தில் வைத்து, புது எலும்பு உள்ளே வளர இடம்தரும் துளையுள்ள உள்வைப்பை ஆங்கிலத்தில் scaffold என்கிறார்கள். அதற்கு என்ன தமிழ்ச் சொல் என்று குழுமத்தில் நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோம். எலும்புக்கும் அதையே சொன்னால் என்ன?

சாரம் நல்ல சொல் ஐயா. அல்சூரில் கட்டட வேலை பார்க்கும் தமிழ் மேஸ்திரிகளிடம் இன்றும் புழங்குகிறது. ஆனால் அது சுவருக்கு வெளியே நிற்பது, ஆள் ஏறி நிற்கக் கட்டுவது, பூச்சு முடிந்ததும் அவிழ்ப்பது. நாம் பேசும் பொருள் எலும்பு இல்லாமல் போன பள்ளத்துக்குள் உட்கார்கிறது. டைட்டானியத்தில் செய்தால் அங்கேயே தங்கிவிடும். டிரைகால்சியம் பாஸ்பேட் என்னும் சுண்ணச் சேர்மத்தில் செய்தால் மெல்லக் கரைந்து எலும்புக்கு இடம் விடும். இரண்டையுமே யாரும் அவிழ்ப்பதில்லை.

இன்னொரு குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாரம் என்றதும் கம்புகள்தான் மனக்கண்ணில் நிற்கின்றன. எலும்பு வளர்வதோ கம்புகளுக்கு நடுவே விட்ட இடத்தில். வடிவமைப்பாளர் முதலில் அளக்க வேண்டியது அந்த இடத்தை.

அதனால் ‘படர்கூடு’ என்று முன்மொழிகிறேன். தேன்கூட்டைப் போல உள்ளே இடம் வைத்துக் கட்டியது கூடு. எலும்பு வெட்டவெளியில் முளைக்காது. அவரைக்கொடி பந்தலைப் பற்றுவது போல ஒரு பரப்பைப் பற்றி ஊர்ந்துதான் உள்ளே போகும். அதனால் படர்.

> துளைமை என்பதைவிடப் புரைமை செறிவான சொல் அல்லவா?

கூட்டின் மொத்தக் கன அளவில் துளைகள் எத்தனை பங்கு என்பதற்கான (porosity) சொல்தானே இது? புரைமை வேறு துறைக்குச் சரி, எலும்புக்கு வேண்டாம். எலும்புப்புரை என்பது ஏற்கெனவே எலும்பு மெலியும் நோயின் (osteoporosis) பெயர். ‘புரைமை 70 விழுக்காடு’ என்று அறிக்கையில் படிக்கும் நோயாளி, தன் எலும்பு அரித்துவிட்டது என்றே பயப்படுவார். துளை, துளைமை போதும்.

துளைகளை இணைக்கும் குறுகலான வழிக்குத்தான் சொல் இல்லை. ‘இடைவாய்’ எனலாம். இது கட்டாயம் தேவை, ஏனென்றால் துளை அகலமாக இருந்தும் இடைவாய் அடைபட்டால் இரத்தக்குழாய் அடுத்த துளைக்குப் போகாது. மிக நுண்ணிய இரத்தக்குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) தூரத்துக்குள் இருந்தால்தான் உயிரணுவுக்கு ஆக்சிஜன் எட்டும். துளை 100 மைக்ரோனுக்குக் கீழே இறங்கினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு நிரம்பும் வாய்ப்பு கூடும். 300 மைக்ரோனைத் தாண்டினால் இரத்தக்குழாயும் எலும்பும் சேர்ந்து உள்ளே வர வசதி. ரொம்பப் பெரிதாக்கினாலும் இழப்புதான்: படரப் பரப்பு குறையும், வலுவும் குறையும்.

டைட்டானியக் கூட்டை, உலோகத் துகளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கும் முப்பரிமாண அச்சில் செய்கிறார்கள். கணினியில் வரைந்த துளை வேறு, அச்சில் வரும் துளை வேறு என்பதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும்: ‘வரைதுளை’, ‘பெறுதுளை’. லேசர் உருக்கும் டைட்டானியத் துகள் பொதுவாக 15 முதல் 45 மைக்ரோன். பாதி உருகிய துகள் கம்பியின் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். எதிரெதிர்ச் சுவர்களில் 40 மைக்ரோன் துகள் ஒவ்வொன்று ஒட்டினாலே 300 மைக்ரோன் வரைதுளை அங்கே 220 ஆகிவிடும். கீழ்நோக்கிய பரப்புகளில் வெப்பம் இறங்க வழியில்லாததால் இன்னும் தடிக்கும். ஆகவே வரைதுளையைச் சற்றுப் பெரிதாக வைத்து, நுண் சிடி (உள்ளே இருப்பதை நுணுக்கமாகக் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படம்) எடுத்துப் பெறுதுளையை அளந்து, அறிக்கையில் இரண்டையும் எழுதவேண்டும்.

உள்ளே தங்கிய துகளை வெப்பப் பதப்படுத்தலுக்கு முன்பே அதிர்வும் காற்றும் கொடுத்து வெளியேற்ற வேண்டும். சூளைக்குள் போய்விட்டால் அது கட்டியாகி இடைவாயை மூடிவிடும். ஒட்டிய துகளை அமிலத்தில் அரிக்கும்போதும் கவனம் வேண்டும். 200 மைக்ரோன் உருண்டைக் கம்பியில் சுற்றிலும் 25 மைக்ரோன் போனால் விட்டம் 150. வளைவை எதிர்க்கும் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் படியில் மாறுகிறது.

> அப்படியானால் தகைவு மறைப்பு என்ற சொல்லை ஏற்கிறீர்களா?

ஆங்கிலத்தில் stress shielding என்பதைச் சொல்கிறீர்கள். மறைப்பு அல்ல, ‘சுமை மறிப்பு’. இங்கே எதுவும் ஒளிக்கப்படவில்லை. எலும்புக்குப் போகவேண்டிய சுமையை உலோகம் வழியில் மறித்துத் தானே தாங்கிக்கொள்கிறது. சுமை வராத எலும்பு மெலியும். துளையில்லாத திண்ணமான டைட்டானியக் கலவையின் மீள்மைக் குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், சுமார் 110 ஜிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான வெளி அடுக்கான புறணி எலும்புக்குச் சுமார் 10 முதல் 20 தான். கம்பிகள் வளையும் வகைக் கூடுகளில் விறைப்பு ஏறத்தாழ அடர்த்தி விகிதத்தின் (மொத்தக் கன அளவில் உலோகத்தின் பங்கு) இருமடியில் குறையும். துளைமை 70 விழுக்காடு என்றால் மிச்சம் 0.3, அதன் இருமடி 0.09, 110 உடன் பெருக்கினால் சுமார் 10. கணக்கில் எலும்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் பொருத்தும்போது திருகு தளர்ந்து, எலும்புக்கும் கூட்டுக்கும் இடையே 150 மைக்ரோனுக்கு மேல் அசைவு இருந்தால் எல்லாக் கணக்கும் வீண்; நார்த்திசுதான் வரும்.

> ‘எலும்புப் படர்கூடு’ என்றால் எலும்புக்கூடு என்று காதில் விழாதா?

விழும் அம்மா, இந்த மறுப்பு நியாயமானது. முன்னால் எலும்பு என்று சேர்க்காமல், எதனால் செய்தது என்பதைச் சேர்ப்போம்: டைட்டானியப் படர்கூடு, பாஸ்பேட் படர்கூடு. கரைவதா தங்குவதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இதே காரணத்துக்காக, திரும்பத் திரும்ப அடுக்கும் சிறு வடிவத்தைப் படிகவியலில் போல ‘அலகுக்கூடு’ என்றும் சொல்லவேண்டாம். ‘அலகு’ போதும்: 2 மில்லிமீட்டர் அலகு.