வீடு கட்டும் கான்ட்ராக்டருக்கு உரிமம் கட்டாயமாக வேண்டுமா?

காவிரிக்கரை:
திருச்சி பக்கத்தில் 1,200 சதுர அடியில் வீடு கட்டப் போகிறோம். பேசி வைத்திருக்கும் கான்ட்ராக்டர் மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடிக்கு 2,350 ரூபாய் சொல்கிறார். பூமி பூஜை அன்றைக்கே 5 லட்சம் அட்வான்ஸ் வேண்டுமாம். லைசென்ஸ் நம்பர் கேட்டேன். "வீட்டு வேலைக்கு ஏது சார் லைசென்ஸ்? நான் கட்டின வீடுகளை வந்து பாருங்கள்" என்கிறார். உண்மைதானா? அப்படியென்றால் எதை நம்பிப் பணம் கொடுப்பது?

மதுரை பில்டர்:
உண்மைதான் சார். தமிழ்நாட்டில் தனி வீடு கட்டித் தருபவருக்கென்று அரசு உரிமம் கிடையாது. பொதுப்பணித் துறையில் வகுப்பு வாரியாகப் பதிவு செய்வதெல்லாம் அரசு டெண்டர் எடுப்பவர்களுக்கு. ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டி விற்பவர்களுக்கு. அதிலும் மனை 500 சதுர மீட்டருக்குள், அல்லது 8 வீடுகளுக்குள் என்றால் பதிவு தேவையில்லை. உங்கள் மனையில் உங்களுக்குக் கட்டித் தருபவர் இது எதிலும் வரமாட்டார். வராமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எங்கள் தொழிலில் கட்டி முடித்த வீடுதான் சான்றிதழ்.

தாம்பரம் மீனா:
இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது சார். எங்கள் வீட்டை லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் வரும் விட்டத்தோடு, விட்டுவிட்டுப் போனார் ஒருவர். ரூஃபுக்கான பணத்தையும் முன்கூட்டியே வாங்கியிருந்தார். காவல் நிலையத்துக்குப் போனால், "இது சிவில் விவகாரம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதே ஆள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு மனையில் பூஜை போட்டு வேலையைத் தொடங்கினார். எங்களுக்கு நடந்தது அந்த வீட்டுக்காரருக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை. அவரும் "கட்டின வீடுகளை" போய்ப் பார்த்திருப்பார். பாதியில் விட்ட வீட்டை எந்த கான்ட்ராக்டர் கூட்டிப்போய்க் காட்டுவார்? மருந்துக் கடை வைக்க உரிமம் வேண்டும். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள ஒன்றும் வேண்டாமா?

ஃப்ரீமாண்ட் ரவி:
நான் இருக்கும் கலிபோர்னியாவில் இதற்கென்றே சிஎஸ்எல்பி என்று ஒரு மாநில வாரியம் இருக்கிறது, 1929 முதல். கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலரைத் தொட்டாலே உரிமம் வேண்டும். 2024 வரை அந்த வரம்பு 500 டாலர்தான். உரிமத்துக்கு 4 வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். சட்டத்தில் ஒன்று, தொழிலில் ஒன்று என்று பரீட்சையும் உண்டு. ஏமாந்தவருக்கு இழப்பீடு கிடைக்க 25,000 டாலருக்கு ஒரு உத்தரவாதப் பத்திரம் கட்டி வைக்க வேண்டும். வாரியத்தின் தளத்தில் உரிம எண்ணைப் போட்டால், உரிமம் நடப்பில் இருக்கிறதா, பத்திரம் இருக்கிறதா, தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா எல்லாம் வந்துவிடும்.

அட்வான்ஸ் விஷயத்தையும் கேளுங்கள். இருக்கிற வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. உரிமம் இல்லாதவர் வேலை செய்தால் கூலி பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. அது மட்டுமல்ல, கொடுத்த பணம் முழுவதையும் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கலாம். மீனா அக்காவுக்கு நடந்தது இங்கே நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் செய்தவருக்கு இழக்க ஒன்று இருக்கும்.

மதுரை பில்டர்:
தம்பி, அந்த 25,000 டாலர் ஒரு வீட்டுக்கு மட்டுமா, இல்லை எல்லா வீட்டுக்கும் சேர்த்தா?

ஃப்ரீமாண்ட் ரவி:
எல்லாருக்கும் சேர்த்துத்தான். நாலைந்து பேர் ஏமாந்தால் பங்குதான். அது குறைதான், மறுக்கவில்லை.

மதுரை பில்டர்:
நன்றி. இப்போது நம் ஊருக்கு வருவோம். என் தளத்தில் இருக்கும் மேஸ்திரி சித்தாளாக வந்து, கொத்தனாராகி, இன்று ஒரு குழுவையே நடத்துகிறார். நூல் பிடித்தால் அவர் கட்டிய சுவரில் குறை சொல்ல முடியாது. அவரை உட்காரவைத்துப் பரீட்சை எழுது என்றால் தோற்றுப்போவார். டிப்ளமா முடித்து, தளத்தில் நின்று ஒரு ரூஃப் கூடப் போடாத பையன் தேறிவிடுவான். அப்புறம் என்ன நடக்கும்? பையனின் உரிமத்தை வாடகைக்கு எடுத்து மேஸ்திரி வேலை செய்வார். வாடகையும் உங்கள் சதுர அடி ரேட்டில்தான் ஏறும்.

இது கற்பனையில்லை. மின்சார வேலைக்கு இன்றைக்கே உரிமம் உண்டு. மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது உரிமம் பெற்றவர் கையெழுத்து வேண்டும். எத்தனை வீட்டில் கையெழுத்துப் போட்டவரே வந்து ஒயர் இழுத்தார்? இங்கே இருப்பவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

தாம்பரம் மீனா:
எங்கள் வீட்டிலும் ஒயரிங் செய்தவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் வேறொருவர்தான். அதனால் உரிமமே வேண்டாம் என்று ஆகிவிடுமா? நாளைக்கு ஷார்ட் சர்க்யூட் ஆனால், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் எண்ணும் என்னிடம் இருக்கிறது. பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். லிண்டலோடு விட்டுப் போனவரிடம் எனக்கு இருந்தது ஒரு செல்போன் நம்பர், அதையும் மாற்றிவிட்டார்.

மேஸ்திரிகளின் வயிற்றில் அடிக்க நான் சொல்லவில்லை. பரீட்சை வேண்டாம் என்றால் செய்முறைத் தேர்வாக வைக்கட்டும். ஒரு சுவர் எழுப்பிக் காட்டச் சொல்லட்டும்.

கோவை வக்கீல்:
விவாதம் நடக்கட்டும். கேள்வி கேட்டவர் இப்போது கட்டப் போகிறார், உரிமச் சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. இன்றைக்கே என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தில் 1993 முதலே ஒரு சேவை. 2019 சட்டத்திலும் அப்படித்தான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மீனா மேடம், உங்கள் விஷயத்தில் அந்தக் காலம் தாண்டாமல் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஆணையத்தில் நிற்பது காகிதம்தான். கைச்சீட்டில் எழுதிய ரேட்டும் ரொக்கமாகக் கொடுத்த பணமும் இருந்தால் மிகவும் சிரமப்படுவீர்கள். ஒப்பந்தத்தில் கான்ட்ராக்டரின் ஆதாரில் உள்ள பெயர், முகவரி, பான் எண், சிமென்ட் கம்பி பிராண்ட் வரை எழுதுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள்; யார் பெயரில், எந்தத் தேதியில் எடுத்தது, ரிட்டர்ன் தாக்கல் ஆகிறதா எல்லாம் தெரியும். ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்பவர் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், அதையும் இணையத்தில் சரிபார்க்கலாம்.

28 லட்சத்து 20 ஆயிரத்துக்கு 5 லட்சம் என்பது ஏறக்குறைய 18 சதவீதம். ஒரு கல் வைக்கும் முன்னால் அவ்வளவு கொடுக்காதீர்கள்.

காவிரிக்கரை:
நன்றி சார். மதுரை பில்டர் சார், கட்டின வீட்டைப் பார் என்கிறீர்கள். பெயின்ட் அடித்த வீட்டில் என்னைப் போன்றவர் எதைப் பார்ப்பது?

மதுரை பில்டர்:
நல்ல கேள்வி. பெயின்ட் அடித்த வீட்டுக்குப் போகாதீர்கள். வேலை நடக்கும் தளத்துக்கு, முடிந்தால் ரூஃப் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், சொல்லாமல் போங்கள். சென்ட்ரிங் மேல் கம்பி கட்டியிருக்கும். குனிந்து பாருங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் வரிசையாக இருக்கிறதா, இல்லை கம்பி பலகையிலேயே படுத்துக்கிடக்கிறதா? ஜல்லியைச் சொருகி வைத்திருந்தால், கான்கிரீட் கொட்டும்போது அது நகர்ந்துவிடும். பலகையை ஒட்டிய கம்பி கொஞ்ச வருடத்தில் துருப்பிடித்து, அடிப்பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அப்புறம் முட்டு எப்போது பிரிப்பீர்கள் என்று கேளுங்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி, தாங்கும் சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள ரூஃபுக்கு 14 நாளாவது முட்டு நிற்க வேண்டும். பதில் சொல்லத் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள். கூடவே, முன்பு கட்டிக் கொடுத்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள், கான்ட்ராக்டர் பக்கத்தில் இருக்கும்போது பேசாதீர்கள்.

தாம்பரம் மீனா:
இதை எல்லா வீட்டுக்காரரும் குனிந்து பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு வருத்தம். 2024 முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனைக்குச் சுயசான்றில் உடனே வரைபட அனுமதி கிடைக்கிறது. அது நல்லதுதான். ஆனால் சிறிய தனி வீட்டுக்கு நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. கான்கிரீட்டைத் திரும்பிப் பார்க்க அரசு பக்கம் ஆளே இல்லை.

மதுரை பில்டர்:
பெயர், ஆதார், முடித்த வேலை, வந்த புகார் இவ்வளவும் இருக்கும் ஒரு பொதுப் பதிவேடு என்றால் நானே முதல் ஆளாகப் பதிவு செய்கிறேன். 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, கொத்தனாரும் சித்தாளும் அதில் பதிவு செய்கிறார்கள். அதேபோல் எங்களுக்கும் செய்யட்டும். தேர்வு வைத்து ஆளை வடிகட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

தாம்பரம் மீனா:
பதிவேட்டோடு நின்றால் பாதிக் கிணறு. புகார் நிரூபணமானால் பதிவை ரத்து செய்யும் அதிகாரமும் வேண்டும். ரத்தானவர் வேலை எடுத்தால் தண்டனையும் வேண்டும்.

காவிரிக்கரை:
இன்று கான்ட்ராக்டரிடம் பேசினேன். அட்வான்ஸ் 2 லட்சம், மீதி பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு என்பதற்கு ஒப்புக்கொண்டார். வக்கீல் வைத்து எழுதவும் சரி என்றார். ஆனால் கடைசி 5 சதவீதத்தை நிறுத்தி வைக்கிறோம் என்றதும் முகம் மாறிவிட்டது. சாவி கொடுக்கும் அன்றே கணக்கு முடிய வேண்டுமாம். ஆவணியில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

மதுரை பில்டர்:
அவர் பக்கமும் பாருங்கள் சார். 5 சதவீதம் என்றால் 1 லட்சத்து 41 ஆயிரம். எங்கள் லாபத்தில் பெரிய பங்கு அது. மொட்டை மாடியில் வரப்பு கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழே ஈரம் தெரியவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள்.

தாம்பரம் மீனா:
தண்ணீர் கட்டினால் ரூஃப் ஒழுகுவது தெரியும். சாரல் அடித்துச் சுவரும் ஜன்னல் ஓரமும் ஓதம் காப்பது தெரியாது. அது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் தெரியும். ஆவணியில் கொடுத்துவிட்டால், கார்த்திகையில் போன் எடுக்க மாட்டார்.

மதுரை பில்டர்:
சரி, மழைக்காலம் வரை என்று நாளைக் குறித்து எழுதுங்கள். ஆனால் பாதியையாவது சாவி வாங்கும்போது கொடுங்கள்.

காவிரிக்கரை:
அப்படியே கேட்கிறேன். சாவி வாங்கும்போது 2.5 சதவீதம், மார்கழி முடிந்ததும் மீதி.