வயல் உணரிகள்: எச்டிடிபியை விட்டு கோஏபிக்கு மாறலாமா?

படுவான்கரையான்:
உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் எங்கள் வட்டையின் (வயல்வெளியின்) வாய்க்கால்களில், நீர்மட்டத்தை அளக்க இந்தச் சிறுபோகத்தில் 12 உணரிகளை நாட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சிசி2420 ரேடியோவும், 2500 மில்லி அம்பியர் மணி கொண்ட ஏஏ பற்றரிகள் இரண்டு தொடராகவும் உள்ளன. வாடிக் கூரையில் வைத்த கேற்வேக்கு (உணரிகளின் தரவை வாங்கி வெளி வலையமைப்புக்குக் கடத்தும் கருவி) பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இணையப் பக்கங்களுக்குப் பயன்படும் எச்டிடிபி நெறிமுறை வழியாக அளவை அனுப்பும் இவை, ஐந்தாறு நாட்களிலேயே அணைந்துவிடுவதால், பற்றரி மாற்றுவதற்கென்றே சேற்றில் இறங்க வேண்டியிருக்கிறது. சிறு கருவிகளுக்கென்றே அமைந்த கோஏபி நெறிமுறைக்கு மாறினால் இது தீருமா? நீர் சட்டென்று இறங்கினால் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானைக்கு உடனே செய்தி போகவும் வேண்டும்.

கல்லோயா:
தம்பி, விடை உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது. அந்தச் சில்லு முழு வலுவில் அனுப்பும்போது 17.4 மில்லி அம்பியரும், வெறுமனே செவிமடுத்துக்கொண்டிருக்கும்போது 18.8 மில்லி அம்பியரும் எடுக்கும். பேசுவதைவிடக் காது கொடுத்திருப்பதுதான் அதற்குச் செலவு. 18.8ஐ 24 மணித்தியாலத்தால் பெருக்கினால் நாளுக்கு 451 மில்லி அம்பியர் மணி வரும். 2500ஐ அதனால் வகுத்தால் ஐந்தரை நாள். உங்கள் ரேடியோ உறங்குவதே இல்லை. அதைத் திருத்தாமல் எந்த நெறிமுறைக்கு மாறினாலும் ஆறாம் நாள் சேற்றில்தான் நிற்பீர்கள்.

எழுவான்:
கணக்கு சரி. ஆனாலும் எச்டிடிபியையும் விட்டுவிடுங்கள். உங்கள் ரேடியோ பின்பற்றும் 802.15.4 தரத்தில், ஒரு தடவையில் அனுப்பும் பொதியான சட்டகம் ஒன்றில் 127 பைட்டுக்கு மேல் கொள்ளாது என்பதால், எச்டிடிபியின் நீண்ட எழுத்துத் தலைப்பு பல துண்டுகளாக உடைந்து போகும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுவதையும் மீண்டும் அனுப்ப வேண்டும். அதற்கு முன்பே, எச்டிடிபி நம்பியிருக்கும் டிசிபி இணைப்பை ஏற்படுத்தும் மூன்று செய்திகள் வேறு. முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாத யூடிபி மேல் ஓடும் கோஏபியின் அடிப்படைத் தலைப்போ 4 பைட். உங்கள் நீர்மட்ட எண் ஒரே சட்டகத்தில் அடங்கிவிடும்.

உணரியைச் சேவையகமாக வைக்காதீர்கள். வைத்தால் யாராவது கேட்பார்கள் என்று விழித்திருக்க வேண்டிவரும். அதுவே விழித்து, கேற்வேக்கு அனுப்பிவிட்டு உறங்கட்டும். வழமையான அளவுகளை ஒப்புகை கேட்காத செய்தியாக அனுப்பலாம், ஒன்று தவறினால் அடுத்தது பத்து நிமிடத்தில் வரும். வட்டவிதானைக்குரிய எச்சரிக்கைக்கு மட்டும் ஒப்புகை கேளுங்கள். பதில் வராவிட்டால் கோஏபியே இரண்டு முதல் மூன்று செக்கன் பொறுத்து மீண்டும் அனுப்பி, காத்திருப்பை ஒவ்வொரு முறையும் இரட்டித்து, நான்கு முறை வரை முயலும்.

படுவான்கரையான்:
கல்லோயா அண்ணன் சொன்னதுதான் நடந்திருக்கிறது. மேசையில் வைத்துச் சோதித்தபோது உறக்கத்தை நிறுத்திய ஒரு வரியை நீக்க மறந்திருக்கிறேன். கேற்வேயிலிருந்து கைத்தொலைபேசி வலையமைப்புக்கும் கோஏபியா?

எழுவான்:
தேவையில்லை. கேற்வேக்குச் சூரியத் தகடு இருந்தால் அங்கிருந்து, டிசிபி மேல் ஓடும் செய்தி நெறிமுறையான எம்கியூடிடி போதும். டிசிபி இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது அதற்குப் பாரமல்ல. உணரிகளின் அன்ரெனாக்களை மட்டும் நெற்பயிர் வளரும் உயரத்துக்கு மேல் ஏற்றி வையுங்கள், ஈரப் பயிர் 2.4 கிகாஹேட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கும்.