மறுமொழி: மேனிஃபோல்டுக்குப் ‘பன்மடி’ பொருந்துமா?

வணக்கம் ஐயா,

மேனிஃபோல்டு, அதாவது வளைந்த பரப்பு என்ற கருத்தை எத்தனை பரிமாணத்துக்கும் விரித்த கணிதப் பொருள், அதற்குத் தமிழில் ‘பன்மடி’ என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். ‘பன்மடி’ சுருக்கமாக இருக்கிறது, வாயிலும் நன்றாக வருகிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. இருமடி, மும்மடி என்று படித்த பிள்ளைக்கு அது பெருக்கலைத்தான் நினைவூட்டும், இல்லையென்றால் வேட்டி மடிப்பை. பெருக்கல்கூடப் பரவாயில்லை, மடிப்புதான் ஆபத்து.

வாழையிலையைச் சுருட்டிப் பாருங்கள். அதன்மேல் ஊரும் எறும்புக்கு இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு முன்பு இருந்தபடியேதான் இருக்கும். இப்போது ஆரஞ்சுத் தோலை மேசையில் வைத்து அழுத்துங்கள், ஓரம் கிழியும். ஆரஞ்சுத் தோலில் இருக்கும், சுருட்டினாலும் மடித்தாலும் போகாத அந்த வளைமையைத்தான், பரப்பின் மேலேயே அளந்து கண்டுபிடிக்கலாம் என்று ஜெர்மன் கணிதர் காஸ் காட்டினார். அவருடைய மாணவர் ரீமன் அதை எத்தனை பரிமாணத்துக்கும் கொண்டுபோனார். அப்படிப்பட்ட ஒன்றுக்கு மடிப்பை நினைவூட்டும் பெயரா?

ரீமன் இதை ஓர் உரையில் பேசியது 1854 ஜூன் 10, ஜெர்மனியின் கோட்டிங்கனில், 27 வயதில். உரைக்கு மூன்று தலைப்பு கொடுத்திருந்தார், காஸ் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். கேட்டவர்களில் பலர் கணிதக்காரர்கள் அல்லர், அதனால் சமன்பாடு கிட்டத்தட்ட இல்லாமலேயே பேசினார். பாரம் முழுவதையும் சொற்கள்தான் சுமந்தன. அதில் அவர் எடுத்தாண்ட ஜெர்மன் சொல் ‘மன்னிக்ஃபால்டிக்கைட்’. பன்மை, பலவகைப்பட்ட தன்மை என்று பொருள். உரை அச்சானது 1868இல்தான், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பை வெளி-காலத்தின் (இடமும் காலமும் சேர்ந்த ஒன்றின்) வளைமையாக எழுதி முடித்தபோது அதற்கு அடித்தளமாக இருந்தது இந்த வடிவவியல்தான்.

சரி, என் பரிந்துரை: பன்மைப்பரப்பு. ‘பன்மை’ ரீமன் சொன்னது, ‘பரப்பு’ காஸிடமிருந்து தொடங்கியது. கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ‘பரப்பு’ என்றால் பரப்பளவு என்று குழம்புவார்களே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அளவுக்குப் பரப்பளவு என்றே எழுதிவந்தால் அந்தக் குழப்பம் வராது. அப்புறம், ரீமன் பன்மைப்பரப்பு, உட்பன்மைப்பரப்பு என்று கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன. ‘பன்மைவெளி’யையும் யோசித்தேன், ஆனால் ‘வெளி’ ஏற்கெனவே திசையன்வெளி, இடவியல்வெளி என்று பல இடங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “வெளி-காலம் ஒரு நான்கு பரிமாணப் பன்மைப்பரப்பு.” எனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. உங்கள் வாக்கியம் ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.